சாணி தந்தவருக்கு முதல் மறுமொழி

செலின் அக்காவின் கணவர் அன்ரன் அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் ஆய்வுகூடத்தில் சீனிப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். "செலின் எங்களை விட்டுட்டுப் போட்டா, தம்பி" என்றார். "காலமை. நித்திரையிலேயே." அடுப்பை அணைத்தேன். பாகு பாத்திரத்திலேயே இறுகிப்போனது. அதைக் கழுவவும் அன்றைக்குக் கை எழும்பவில்லை.

நோபல் பார்க் தேவாலயத்துக்கு வரும் உங்களில் பலருக்கு அவர் பாடகர் குழுவின் செலின் அன்ரி. மன்னாரில் பிறந்த மிருக வைத்தியர், மெல்பேர்ணில் என்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் இருந்து யாக் மாடுகளின் குடற்பூச்சிகளை ஆராய்ந்தவர் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

ஓர் ஒன்றுகூடலில் அவரைக் 'கவரிமானை ஆராய்பவர்' என்று மேடையில் அறிமுகப்படுத்தினார்கள். அக்கா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "அது மானில்லை, இமயமலையில நிக்கிற யாக் மாடு. மயிர் உதிர்ந்தா மானம் போச்செண்டு உயிரை விடுமாம். அதின்ரை மானத்துக்கு ஒரு குறையுமில்லை. மயிர் கொட்டுறது வயித்துப் பூச்சியாலை." சபை விழுந்து விழுந்து சிரித்தது. அறிமுகம் செய்தவர் மட்டும் சிரிக்கவில்லை. தங்களுடையது கவரிமான் பரம்பரை என்று சொல்லித் திரிந்த மனிதர் அவர்.

நேபாளத்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு நானும் ஒருமுறை அவரோடு போனேன். கட்டிப்போடாத மாடுகள். எப்போது சாணி போடும் என்று மூச்சிரைக்கப் பின்னால் நடக்க வேண்டும். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே டோல்மா என்ற பெண்ணின் கன்றுகள் வயிறு ஊதி, கழிச்சலில் செத்துக்கொண்டிருந்தன. மந்தை முழுவதற்கும் மருந்து தாருங்கள் என்று அவர் கெஞ்சினார். அக்கா மறுத்துவிட்டார். எல்லா மாட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்கு அடங்காத பூச்சிகள்தான் மிஞ்சும், பிறகு எந்த மருந்தும் கேட்காது என்று விளக்கினார். சாணியைப் பார்த்து, தேவைப்படும் மாடுகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார்.

அதற்கு ஒரு வழியும் செய்தார். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரிடம் சிறிய நுணுக்குக்காட்டி ஒன்றைக் கொடுத்தார். சாணியைச் சீனிப்பாகில் கரைத்தால் பூச்சி முட்டைகள் மேலே மிதக்கும். அதை அந்த நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கி, கைபேசியில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்ப வேண்டும். தேநீருக்கு வைத்த சீனியெல்லாம் சாணிக்குப் போகிறதே என்று டோல்மா ஏசினார். ஏசிக்கொண்டே கொடுத்தார்.

பனி உருகியதும் மந்தையை மேல் மலைக்கு ஓட்டிவிடுவார்கள். பிறகு குளிர் தொடங்கும்வரை பிடிக்க முடியாது. மருந்து அதற்கு முன்னே உள்ளே போக வேண்டும். அதனால் அக்கா ரயிலிலும் பூசை முடிந்த தேவாலய வாசலிலும் அந்தப் படங்களைப் பார்த்து உடனே பதில் சொல்வார். கட்டுரை வெளிவரும்வரை முடிவுகளை வெளியே விடவேண்டாம் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னபோது, என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். "சாணி தந்தவைக்குத்தான் முதல் மறுமொழி. கட்டுரை பிந்தினா ஒரு கண்டுக்குட்டியும் சாகாது."

இந்த ஆண்டு அந்தப் படங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பார்த்தார். ஒரு கையில் சேலைன் ஊசி, மறு கையில் கைபேசி. "இது முட்டை. இது காத்துக் குமிழி. குமிழிக்குப் பயந்து மருந்து குடுத்துப்போடாதை" என்றார் என்னிடம். கொஞ்சம் படுங்கோ அக்கா என்றேன். "படுத்துத்தானே கிடக்கிறன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது அன்ரன் அண்ணை அந்தக் கைபேசியை என் கையில் வைத்தார். "இது விடாமல் அடிக்குது, தம்பி. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீயே வைச்சிரு." மழையில் காருக்குள் இருந்து திறந்தேன். பார்க்காத படங்கள் வரிசையாகக் கிடந்தன. கன்றுகளின் படங்களில் முட்டைகள் நிறைந்திருந்தன. ஆசிரியரை அழைத்து, எந்தெந்தக் கன்றுக்கு மருந்து என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற டோல்மாவுக்கு அவர் மொழிபெயர்த்தார். நான் சொன்னவற்றில் ஒன்று முந்தைய நாளே செத்துவிட்டதாம். மற்றவற்றை நாளைக்கு மலைக்கு விடுகிறார்களாம். மருந்து இன்றைக்கே கொடுத்துவிடுவார்களாம்.

அக்கா ஏன் பேசவில்லை என்று டோல்மா கேட்டார். சொன்னேன். அவர் அழுதாரா என்று தெரியவில்லை, நான் அழுதேன். பிறகு அவர் எதையோ கேட்க, ஆசிரியர் மொழிபெயர்க்கத் தயங்கினார். அடுத்த வருடமும் படம் அனுப்பினால் பார்க்க யாராவது இருப்பீர்களா என்று கேட்கிறார், என்றார்.

எனக்கும் கண் முன்போல் இல்லை. இந்த வருடத்தோடு ஓய்வெடுக்கத்தான் இருந்தேன். களைத்துப்போனேன், உண்மையைச் சொன்னால். செலின் அக்காவிடமிருந்து எனக்கென்று வந்தது அந்தக் கைபேசி ஒன்றுதான். அனுப்பச் சொல்லுங்கள் என்றேன்.