கர்த்தர் சொன்னார் என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் போகும் சிறிய தமிழ் சபையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது இது. சபை என்றால் கோபுரமும் மணியும் வைத்த தேவாலயம் இல்லை. ஒரு கடைவீட்டின் மாடி. கீழே மோட்டார் பட்டறை. ஞாயிறு பட்டறை மூடியிருந்தாலும் எண்ணெய் வாசனை மட்டும் படியேறி வந்துவிடும். எல்லாரும் சேர்ந்தால் நாற்பது, ஐம்பது பேர் இருப்போம்.

பாடல்கள் முடிந்ததும் சாட்சி நேரம் என்று பத்து நிமிடம் கொடுப்பார்கள். அந்த வாரம் கடவுளிடம் நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டது, மகனுக்கு வேலை கிடைத்தது, பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கியும் உயிர் தப்பியது என்று ஏதாவது இருக்கும். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். கீபோர்டு வாசிக்கும் பிரதர் ஒரு சின்ன இசை கொடுப்பார். பதினைந்து வருடமாக நான் அங்கே போகிறேன். ஒரு நாள்கூட எழுந்ததில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதென்றாலே எனக்கு ஆகாது.

அன்றைக்கு எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆறு மாதத்தைச் சொல்ல வேண்டும்.

ஜுருவில் ஒரு கார் உதிரிபாகக் கிடங்கில் இருபது வருடம் வேலை செய்தேன். முதுகெலும்பில் பிரச்சினை வந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரம் தூக்காதவனுக்குக் கிடங்கில் என்ன வேலை? வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனைவிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலையில் கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போகும். நான் பதினோராவது மாடி வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கை குலுக்குகிறவர்கள், "இப்ப என்ன பண்றீங்க பிரதர்?" என்று கேட்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பின் வரிசையில் உட்கார ஆரம்பித்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு. என்னைப் போலவே வாய் திறக்காத பிள்ளை. வகுப்பில் சிலர் அவளை 'ஊமை' என்று கேலி செய்தார்கள். ஒரு வாரம் அழுதுகொண்டே போனாள். பிறகு ஆசிரியை கண்டித்ததில் அது அடங்கிப்போனது. அவளும் மறந்துவிட்டாள். நான்தான் மறக்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு குடும்பம் தங்கள் மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். பிள்ளைகளின் அம்மாவான சிஸ்டர் முன்பு ஆசிரியையாக இருந்தவர். வேத வசனத்தோடு பாடமும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைகளும் நன்றாகப் படித்தார்கள், பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசினார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியது. அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் முடிவு செய்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவர் நேராகக் கேட்டார்.

"உங்களுக்குப் பின்னக் கணக்கு வருமா?"

நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். கணக்கில் எப்போதும் தடுமாற்றம்தான்.

"கர்த்தர் எங்கிட்டப் பேசிட்டாரு. அவரு பார்த்துக்குவாரு" என்றேன்.

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் அந்த வார்த்தை வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன் என்பதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். 'உன் பிள்ளையை நீயே உட்கார வைத்துக் கற்றுக்கொடு என்று கர்த்தர் என்னோடு பேசினார், நான் கீழ்ப்படிகிறேன்' என்று சொல்லி உட்கார்ந்தேன். மாடியே அதிர ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆராதனை முடிந்து மீகூன் என்ற அரிசி நூடுல்ஸ் சாப்பிடும் இடத்தில் பத்துப் பேராவது வந்து என் கையைப் பிடித்தார்கள். போதகர் தோளைத் தட்டினார். வேலை போனபின் முதல்முறையாக யாரும் என்னை 'இப்ப என்ன பண்றீங்க' என்று கேட்கவில்லை. மகள் பக்கத்தில் தட்டோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலேயே படிக்க வைக்க அனுமதி கேட்டுக் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வருவதற்கு முன்பே மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். நேரில் வரச் சொல்லி அங்கிருந்து கடிதம் வந்தது. போனால் கேள்வி கேட்பார்களே என்று அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. காலை எட்டு மணிக்கு ஜெபம், பிறகு வேதம், தமிழ், மலாய். கணக்கை நான் முதல்நாளே கைப்பேசியில் வீடியோ பார்த்துப் படித்துக்கொள்வேன். இரண்டாம் மாதம் பின்னம் வந்தது. என் மனைவி கேட்டது நடந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை மகளே திருத்தினாள். "அப்பா, கீழ இருக்கற நம்பர கூட்டக் கூடாதுப்பா" என்று மெதுவாகச் சொல்வாள். என் முகம் மாறுவதைப் பார்த்துப் பிறகு அதையும் நிறுத்திக்கொண்டாள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் தப்பாகவே எழுதினாள். முதுகு வலிக்கும் நாட்களில் பதினொரு மணிக்கே படம் வரையச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

மத்தியானம் பள்ளி வேன் எங்கள் புளோக் அடியில் நிற்கும். அந்த நேரத்தில் அவள் தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பாள். காற்றுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை தவறாமல் பள்ளிக்குப் போட்டுப்போகும் தன் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, அந்தக் கம்பி ஓரம் காய வைப்பாள். பள்ளிக்கே போகாத பிள்ளைக்குச் சப்பாத்து எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சுத்தமான பிள்ளை என்று பெருமைதான் பட்டேன்.

ஏழு மாதம் ஓடியது. ஒருநாள் பாடத்துக்கு நடுவில் அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, கர்த்தர் உங்ககிட்ட பேசுனாரே, சத்தமாவா பேசுனாரு?"

"சத்தம்லாம் இல்லம்மா. மனசுக்குள்ள."

பென்சிலை மறுபடியும் எடுத்து மேசையில் உருட்டினாள்.

"எனக்கும் மனசுக்குள்ள ஒன்னு சொல்லிக்கிட்டே இருக்குப்பா. ஸ்கூலுக்குப் போ, ஸ்கூலுக்குப் போன்னு. ஆனா கர்த்தர் உங்ககிட்ட போக வேணான்னு சொல்லிட்டாரு. அப்ப எனக்குள்ள பேசறது பிசாசாப்பா?"

அவளே தொடர்ந்தாள். அது போய்விட வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறாளாம். போகவில்லையாம். சாப்பிடும்போதும் வருகிறதாம்.

அழுதபடி சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். வயிற்று வலி எங்கே என்று டாக்டருக்குக் காட்டுவதுபோல் அமைதியாகச் சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை, தன் தோழிகளோடு உட்கார ஆசைப்பட்டதற்காகத் தனக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று மாதக்கணக்கில் பயந்திருக்கிறது. அதே மேசையில் எதிரே உட்கார்ந்து நான் வேதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மனைவி வேலை விட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கர்த்தர் என்னிடம் எதுவும் பேசவில்லை என்பதையும் சொன்னேன். அவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். ஆனா கர்த்தர் பேர சொல்லிட்டீங்க. நான் என்ன, கர்த்தரோடயா சண்டை போட முடியும்?"

பிறகு தண்ணீர் குடித்தார். "நாளைக்கே ஸ்கூல்ல போய்ப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் திட்டினார். அதைவிட நிறையத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் இழுப்பறைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கும் இலாகாவுக்கும் போனேன். கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை முதல் வரலாம் என்றார்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

அவள் மாட்டேன் என்றாள்.

"நீங்க சர்ச்சுல எல்லார் முன்னாலயும் சொன்னீங்கப்பா. இப்ப நான் போனா கர்த்தர் கோவிச்சுக்குவாரு."

அது அப்பா செய்த தவறு, கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை என்று எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை. தனக்காக அப்பா மாற்றிப் பேசுகிறார் என்று நினைத்தாள். வீட்டில் சொல்வது வேறு, சபையில் நின்று சொல்வது வேறு அவளுக்கு. எங்களிடம் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? எங்கே சொன்னேனோ அங்கேயே போய்த்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மறுபடியும் எழுந்தேன். போதகர் முகம் மலர்ந்தது. என்ன சொன்னேன் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, ஏனென்றால் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"அன்னைக்குக் கர்த்தர் எங்கிட்டப் பேசுனாருன்னு சொன்னேன். அவரு பேசல. வேலை போயி வீட்டுல இருக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. மகள வச்சு அத மறைச்சுக்கிட்டேன். அவ நாளைக்கு ஸ்கூலுக்குப் போறா. அவ மேல தப்பு இல்ல."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரே ஒருவர் பழக்கத்தில் "ஸ்தோ..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார். கீபோர்டு பிரதரும் பழக்கத்தில் கட்டையை அழுத்திவிட்டார். அந்த ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. போதகர் தொண்டையைச் செருமிவிட்டு அறிவிப்புகளுக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என் கையிலிருந்த தாளை வாங்கி, நான் சொன்னது அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மீகூன் வரிசையில் எங்களைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். சபையின் மூத்த அங்கிள் ஒருவர் மட்டும் தட்டோடு வந்தார். "என்ன பிரதர், இப்படிப் பண்ணிட்டீங்க? இனிமே எவன் சாட்சி சொல்ல எந்திரிப்பான், சொல்லுங்க?" என்று சிரித்தார். அடுத்த வாரம் உண்மையாகவே யாரும் எழவில்லை. அதற்கடுத்த வாரம் ஒருவர் எழுந்தார், பல்வலி போனதைப் பற்றி.

பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் அந்த சிஸ்டர் படியிறங்கும்போது என்னை நிறுத்தினார். எங்களால் அவர்களுக்கும் கெட்ட பேர் என்று கோபப்படுவார் என நினைத்தேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா பிரதர். நாங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் பேசித்தான் முடிவெடுத்தோம். பிள்ளைங்ககிட்டயும் வருஷா வருஷம் கேக்கறோம். இன்னமும் எனக்குப் பயம்தான்."

எட்ட நின்று பார்த்தபோது எனக்கு அவர்களுடைய பிள்ளைகளின் மரியாதைதான் தெரிந்தது. அந்தப் பயம் தெரியவில்லை.

அன்று மத்தியானம் மகள் பெட்டியிலிருந்து வெள்ளைச் சப்பாத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். குதிகால் உள்ளே போகவில்லை. ஏழு மாதமாகக் கழுவியவள் ஒருமுறைகூடக் காலில் போட்டுப் பார்த்ததில்லையாம். போட்டால் பாவம் என்று நினைத்தாளாம். மூன்று பேருமாக ஜெலுத்தோங் பாசார் கடைகள் பக்கம் போய்ப் புது ஜோடி வாங்கினோம். திங்கட்கிழமை காலை அவள் வேனில் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் மேலே வந்து மேசையை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

இப்போது அவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். கணக்கில் சுமார்தான். எனக்கு ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அதே சபைக்குத்தான் போகிறோம், காலையிலும் சாயங்காலமும் ஜெபிக்கத்தான் செய்கிறேன். ஆனால் 'கர்த்தர் சொன்னார்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போது, இதைச் சொன்னால் இந்த வீட்டில் யார் அதற்குமேல் பேச முடியாமல் போவார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.