நாலாம் கேட்டின் பூட்டு

கொட்டாஞ்சேனை மைதானத்தின் மூன்றாம் கேட்டில் தொங்கிய பூட்டைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாலாம் கேட்டுக்கு நடக்கிறார் சுபாஷினி. எந்த விளையாட்டு விழாவென்றாலும் சனம் வருமுன் அத்தனை பூட்டும் அந்தப் பைக்குள் வந்துவிட வேண்டும். கடைசி ஆள் வீட்டுக்குப் போன பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்.

விழாக்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். வெள்ளவத்தையில் ஒரு தையற்கடைக்கு மேலே அலுவலகம். எத்தனை பேர் வருவார்கள், அம்புலன்ஸ் எங்கே நிற்கும், காற்றடித்தால் யார் எந்த வழியால் போவது, எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்தும் வைப்பார். "ஒண்டும் நடக்காட்டி, இவ என்னத்தைச் செய்தவ எண்டு கேப்பினம். கேக்கட்டும். அதுதான் எனக்கு சேர்டிபிகேட்," என்பார்.

யாரிடமாவது குழந்தை வண்டியை இரவல் வாங்கிப் வெளியேறும் பாதை முழுக்கத் தள்ளிப் பார்ப்பார். அது முட்டிய இடத்தில் பிறகு ஒரு கதிரையும் மிஞ்சாது. ஆட்டம் தொடங்கியதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் முகங்களையே பார்ப்பார். இருபது வருடத்தில் ஒரு கோலாவது பார்த்தாரா என்பது சந்தேகம். யார் வென்றது என்று அவரிடம் போய்க் கேட்பது வீண்வேலை.

போன மாதம் இங்கே உதைபந்தாட்ட இறுதியாட்டம். இடைவேளைக்குச் சற்று முன் சுற்றிவந்தவர், பார்வையாளர் பந்தலுக்குப் பின்னாலிருந்த நாலாம் கேட்டில் புதுப் பூட்டொன்றைக் கண்டார். கழகத் தலைவர் தயாபரனின் சொந்தப் பூட்டு. அவரைக் கையோடு கூட்டிவந்தார்.

"டிக்கட் இல்லாதவன் எல்லாம் இதாலதான் பூருறான், தங்கச்சி," என்றார் தயாபரன்.

"உள்ளுக்கு வாறவனை மறிக்க நான் ரெண்டு ஆள் போடுறன் அண்ணை. வெளியில போறவனை மறிக்கேலாது. திறவுங்கோ. இல்லாட்டி மெட்சை நிப்பாட்டுவன்."

இரண்டாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். தயாபரனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துத் திறந்து, பூட்டைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "அடுத்த வருஷம் வேற ஆளைப் பாப்பம்," என்று சொல்லிவிட்டும் போனார். வருடத்தில் சுபாஷினிக்குக் கிடைக்கும் பெரிய வேலை அது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கால்மணி நேரங்கூட ஆகவில்லை. கடற்பக்கமிருந்து சுழன்றடித்த காற்றில் பெரிய பந்தல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒலித்தது. அவரோ நாலாம் கேட்டை அகலத் தள்ளிவிட்டு, "ஓடாதேங்கோ, நடவுங்கோ, பிள்ளைகளைத் தூக்குங்கோ," என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே நின்றார். ஏழே நிமிடத்தில் பந்தல் வெறுமையானது. அதன் பிறகுதான் கூரை இரும்புக் குழாய்களோடு கதிரைகள்மேல் விழுந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சனம் விட்டுப் போனது பதினொரு செருப்பு. காற்றுக்குப் பின்னாலேயே கொட்டிய மழைக்குள் நின்று அவற்றைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்த சுபாஷினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊரையே வென்றுவிட்ட சந்தோஷம் அது.

தொப்பமாக நனைந்து தயாபரன் வந்தார். விழுந்து கிடந்த குழாய்களைப் பார்த்தார். காற்சட்டைப் பைக்குள் இருந்த பூட்டை எடுத்துத் துணிப்பைக்குள் மெதுவாகப் போட்டார்.

சுபாஷினி கையை நீட்டியபடியே நின்றார், அந்தப் பூட்டின் சாவிக்காக.