மடக்கிய கால்கம்பிகள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த அந்த மெக்கானிக், வேலை முடிந்த எந்த பைக்கிலும் பின்னால் உட்காருபவர் கால்வைக்கும் கம்பிகளை மடக்கிவிட்டுத்தான் தருவார். யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

கோடை லீவுக்கு மனைவியோடு பைக்கிலேயே வால்பாறை போகத் திட்டமிட்டிருப்பதைச் சொன்னேன்.

"மலை இறங்கறப்ப இன்னா பண்ணுவ?"

"நியூட்ரல்ல போட்டா தானா உருண்டுடும்ணா. பெட்ரோல் மிச்சம்."

எங்கள் ஊரில் மலை உண்டு, வண்டி ஏறும் மலை இல்லை. அந்தத் தைரியம்தான்.

ஸ்பேனர் நின்றது. முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"நானும் அப்பிடித்தான் இறங்கினேன். கியர் இழுத்துப் புடிக்காம பிரேக்கையே அமுக்குனதுல, பாதி மலையில அது சூடேறிப் புடிக்கல. பின்னாடி எம் பொஞ்சாதி குந்தியிருந்துச்சு."

என் வண்டியின் கம்பிகளையும் மடக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போக மனைவி வண்டியருகே வந்து நின்றாள். கம்பியை விரித்துவிடக் குனிந்தேன். கை வரவில்லை.