கோவில்பட்டி மைதானத்தில் பன்னிரண்டு மூட்டை வத்தல்

எப்போதும்வென்றானில் காலை ஆறரைக்கு மினிலாரி கிளம்பியது. பின்னால் பன்னிரண்டு மூட்டை மிளகாய் வத்தல், முன்னால் டிரைவரும் நானும். வாடகை நானூறு ரூபாய். கோவில்பட்டி முப்பது கிலோமீட்டர் இருக்கும்.

முந்தின சாயங்காலம் பெய்த கோடை மழையில் வத்தல் நனைந்துவிட்டது. கரிசலில் மழை விழுந்தால் களம் கூழாகிவிடும், மூன்று நாளைக்குக் கால் வைக்க முடியாது. தார் ரோட்டில் எனக்கு முந்தியவர்கள் இடம் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கே வெயில் காட்டாவிட்டால் மூட்டைக்குள்ளேயே கறுத்துப்போகும், ஒரு வருஷப் பாடு வீண். ஊரே கையைப் பிசைந்து நின்றபோது கோவில்பட்டி மைதானம் என் புத்திக்கு மட்டும்தான் எட்டியது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்.

ஏழே முக்காலுக்கு மைதானம். ஆதியில் அதுவும் கரிசல்தான். என் இருபது வயதில் மேற்கேயிருந்து மாட்டு வண்டியில் செம்மண் அடித்துக் கெட்டித்தார்கள். முதல் வண்டி என்னுடையது. வேறு இரண்டு பேரும் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள், நம்ப வேண்டாம். பிறகு மாட்டுச் சந்தை, சர்க்கஸ், கட்சிக் கூட்டம் எல்லாம் அங்கே நடந்தன. இப்போது காலையில் நடக்கிறவர்கள், ஸ்கூட்டர் பழகும் பெண்கள், ஓரத்தில் காயும் தீப்பெட்டிக் குச்சிகள். சாயங்காலம் ஹாக்கி.

மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பழைய கோல்கீப்பர். முதலில் மறுத்தார். இந்த மண்ணே என் வண்டியில் வந்தது என்றேன். நீங்கள் மூன்றாவது ஆள் என்று சிரித்தார்.

"படுதா விரிச்சுக் காயப்போடுங்க அண்ணாச்சி. அஞ்சு மணிக்கு மேட்ச். நாலரைக்கு ஒரு வத்தல் கெடக்கக் கூடாது."

தரைச் சூடு நேராக ஏறினால்தான் சீக்கிரம் காயும் என்பது என் கணக்கு. அவர் தலை மறைந்ததும் வெறுந்தரையில் கொட்டினேன். பகல் முழுக்கக் காலால் துழாவிவிட்டேன். நாலரைக்கு அள்ளிக் கட்டி, இரண்டு தடவை கூட்டியும் விட்டேன்.

ஐந்தே காலுக்குப் பந்தை அடிக்கக் குனிந்த ஒருவன் தும்மினான். பிறகு இரண்டு கட்சியும் தும்மியது. நடுவர் விசிலுக்குள்ளேயே தும்மினார். ஆட்டம் நின்றது. கோல்கீப்பர் என்னிடம் வந்தார்.

"மண்ணு நீங்க கொண்டாந்ததாவே இருக்கட்டும் அண்ணாச்சி. அதுக்காவ மசாலாவா போடுவாவ? தண்ணி தெளிக்கணும். வீட்டுக்கே பத்து நாளைக்கு ஒருக்கதான் வருது."

வத்தல் வாங்கும் கமிஷன் கடை ஆறு மணிக்கு அடைத்துவிடும். என் வத்தலை நான் இல்லாமல் ஒருவரும் எடை போட்டது கிடையாது. அன்றைக்கு டிரைவரை மூட்டைகளோடு தனியே அனுப்பினேன். தள்ளுவண்டிக்காரரிடம் குடம் ஒரு ரூபாய்க்கு நாற்பது குடம் வாங்கி, என் கையாலேயே தெளித்தேன். மண் அடங்கியது, ஆட்டம் தொடர்ந்தது.

ஆறரைக்கு டிரைவர் வந்தார். "கடைக்காரர் காதோரமா குலுக்கிப் பாத்தாரு. வெதை கலகலங்குது, எல்லாத்தையும் எறக்குன்னுட்டாரு."

அவருக்கு வேறு லோடு இருந்ததால் நான் பஸ் ஏறினேன். டிக்கெட் எட்டு ரூபாய். எங்கள் களத்தில் மழை விழுந்தால் மனுஷன் நிற்க முடியாது. இந்த மைதானத்தில் நானே மழையாக வேண்டியிருந்தது.

எட்டயபுரம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் ஏழு தடவை தும்மிவிட்டார்.

"எங்கன போயிட்டு வருதீய?" என்றார்.

ஹாக்கி மேட்ச் என்றேன்.