சொட்டுச் சொட்டாகச் சாப்பாடு: எரியோட்டிலிருந்து ஓர் ஐ.சி.யூ. வரை

போன ஆடி மாதம் நான் தினமும் போய் வந்த பயணத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடி. என் கணவரின் அக்கா சரசு மதினிக்கு நெஞ்சுச் சளி முற்றி நிமோனியாவாகி, அங்கே ஐ.சி.யூ.வில் சேர்த்திருந்தோம். மூச்சுக்கு மெஷின், மயக்கத்திலேயே வைத்திருக்க மருந்து, சாப்பாட்டுக்கு மூக்கில் டியூப். என்னைப் போல இன்னொருவர் இதே மாதிரி அலைய வேண்டி வந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வழி. எரியோட்டிலிருந்து திண்டுக்கல் பஸ் நிலையம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காலை ஏழேகால் வாக்கில் வரும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. மில்லுக்குப் போகும் பெண்கள் பாதி வழியில் இறங்கிய பிறகுதான் கால் நீட்டலாம். மற்ற பஸ் என்றால் எனக்கு இருபது ரூபாய் ஆனது. பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு இருபது. நடந்தால் கால் மணி நேரம். திரும்பும்போது நடந்துவிடுவேன், வழியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

மூன்றாம் நாளே கண்டக்டர் என் தூக்குவாளியைப் பார்த்துக் கேட்டார். "என்னக்கா, ஆபீசுல வேலைக்குச் சேந்துட்டீகளா?"

"ஆஸ்பத்திரிப்பா. ஐ.சி.யூ."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, முன் சீட்டில் இருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அதன்பிறகு அந்த பஸ்ஸில் எனக்கு இடம் இருந்தது.

தூக்குவாளிச் சோறு கருப்பணன் அண்ணனுக்கு. மதினியின் வீட்டுக்காரர், குஜிலியம்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். மருத்துவமனையை விட்டு நகர மாட்டேன் என்று காத்திருப்போர் கூடத்திலேயே பாய் போட்டுவிட்டார். உள்ளே காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்தான் போகலாம். காலை நான், மாலை அவர்.

நான் உள்ளே போனால் கும்பிட்டுவிட்டு, முதலில் பார்ப்பது டியூப்பைத்தான். சாமி படத்துக்கு அடுத்தபடி எனக்கு நம்பிக்கை தருவது அடுப்படி விஷயம். ரோஸ்லின் சிஸ்டரிடம் தினமும் ஏதாவது கேட்பேன். அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொல்லும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, பிறகு மறுபடி ஆறு, பத்து, இரண்டு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருநூறு மில்லி, பெரிய ஊசிக்குழலில் ஊற்றி டியூப் வழியாக இறக்குவார்கள். சத்து மாவைத் தண்ணீரில் கரைத்தது, பார்க்கப் பால் போலவே இருக்கும்.

இந்த நேரக்கணக்கு அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் காக்காய். மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் வாயில் எதையும் போட்டதில்லை. காய்ச்சல் என்றாலும் யாரையாவது வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார். அதனால் அண்ணன் விடிந்ததும் எதிர் டீக்கடையில் சூடாக ஒரு இட்லி வாங்கி, பைக் நிறுத்துமிடத்தின் பின்சுவரில் வைப்பார். ஆறு மணிக்குள் வைத்துவிட வேண்டும். மேலே மதினிக்கு முதல் சாப்பாடு இறங்கும் நேரம் அது.

ஒரு நாள் நான் உள்ளே போனபோது மதினியின் வயிறு உப்பியிருந்தது. காலையில் ஊற்றியதில் பாதி வாய் வழியே வந்துவிட்டதாம். "அது நெஞ்சுக்குள்ள இறங்கிட்டா ஆபத்து. இருக்கிற நிமோனியாவே தாங்கல," என்றார் டாக்டர். ஊசிக்குழலை நிறுத்திவிட்டு, பம்ப் வைத்து மணிக்கு ஐம்பது மில்லியாக இரவும் பகலும் விடப்போவதாகச் சொன்னார்.

எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஆறு தடவை இருநூறு, ஆயிரத்து இருநூறு. இருபத்து நாலு மணி நேரம், மணிக்கு ஐம்பது, அதுவும் ஆயிரத்து இருநூறு. "மொத்தம் ஒண்ணாத்தான வருது டாக்டர், அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்று பதில் சொன்னார். மயக்க மருந்தில் வயிறும் மந்தமாகிவிடும், ஒரே மூச்சில் ஊற்றினால் சிலருக்குத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தாங்கலாம். அதற்காக ஊசிக்குழல் கெட்டது என்றும் இல்லை. இடைவெளி விட்டுக் கொடுப்பதுதான் உடம்பின் இயல்புக்கு ஒத்தது என்று நினைக்கிற டாக்டர்களும் உண்டு. எல்லாருக்கும் இதுதான் மேல் என்று யாரும் இன்னும் முடிவாகச் சொல்லிவிடவில்லை. "பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசிக்குழல்லதான் போகுது, நல்லாத்தான் இருக்கார். ஆளைப் பாத்துதான் மாத்தணும்," என்றார்.

எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக வெளியே வந்து, இனிமேல் சொட்டுச் சொட்டாக விடுவார்களாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"சொட்டுச் சொட்டாப் பாலு ஊத்தப் போறாகளா?"

"ஆமாண்ணே, மெதுவா..."

"எதுக்கு ஊத்துவாகன்னு எனக்குத் தெரியாதா ஆத்தா? எங்கப்பனுக்கு நாந்தான் ஊத்துனேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "கடைசிப் பாலை மெசினா ஊத்துறது? அவளக் கழட்டி விடச் சொல்லு. வீட்டுக்குக் கொண்டு போறேன். நம்ம கையால ஊத்துவோம்."

கடைசி மூச்சில் கிடப்பவர் வாயில் சொந்தக்காரர்கள் துளித்துளியாகப் பால் விடுவதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? நான் சொட்டு என்று சொன்னதும் அவருக்கு அதுதான் கண்ணில் வந்திருக்கிறது. கணக்குப் போட்ட நான் அதை யோசிக்கவில்லை. மெஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றினால் மதினி வழியில் இருக்கும் வடமதுரையைக்கூடத் தாண்ட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ரோஸ்லின் சிஸ்டரைத்தான் கூப்பிட்டேன்.

சிஸ்டர் கையில் மாவு டப்பாவோடு வந்தது. "ஐயா, இது பால் இல்ல. பருப்புச் சத்து, எண்ணெய், சர்க்கரை எல்லாம் இருக்கு. சோறுதான், கரைச்சு விடுறோம். மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்த்தார். "ஐஸ்கிரீம் வாசம் அடிக்குது."

"உங்க தோட்டத்துல சொட்டு நீர் போட்டிருக்கீகள்ல?" என்று கேட்டது சிஸ்டர். "வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமா இறங்குதுல்ல, அது மாதிரித்தான்."

"செடி என்ன, காக்காய்க்கு வச்சிட்டுத்தான் குடிக்குதா?"

சிஸ்டர் விழித்தது. நான் இட்லி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் விடவில்லை. "சோறுன்னு சொல்றீகல்ல. சோறுன்னா ஒரு நேரம் வேணும்ல. பகலும் ராத்திரியும் போய்க்கிட்டே இருந்தா, அவ எப்ப சாப்பிட உக்காருறா? நான் எப்பக் காக்காய்க்கு வைக்க?"

சிஸ்டர் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னது. "தினம் காலையில ஆறு மணிக்குப் பழைய பை, குழாய் எல்லாம் எடுத்துட்டுப் புதுசு மாட்டுவோம்யா. அன்னைய சாப்பாடு அப்பத்தான் ஆரம்பிக்கும்."

"ஆறு மணிக்கா?"

"ஆறுக்கு."

"முன்னபின்ன ஆகாதே?"

"கொஞ்சம் முன்னாடியே வச்சிருங்க."

அவர் டப்பாவைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "கடைசிப் பாலுக்கு யாரும் காக்காய்க்கு வைக்கிறதில்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். அன்று மதியமே பம்ப் ஓட ஆரம்பித்தது. மறுநாள் காலை பின்சுவரில் இட்லியும் இருந்தது.

பம்ப் வைத்த பிறகு வாந்தி இல்லை. பம்ப்பினால்தானா, மருந்தினாலா, பழனியாண்டவனாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியது. மூச்சு மெஷினை எடுத்தார்கள். மதினி கண் விழித்ததும் பம்ப்பை நிறுத்தி மறுபடி ஊசிக்குழலுக்கே மாற்றினார்கள். ஏன் என்று கேட்டேன். சாப்பாட்டு வேளைக்கு உடம்பைப் பழக்கவும், நடுவில் எழுப்பி உட்கார வைக்கவும் அதுதான் வசதி என்றார்கள். அப்படியானால் ஒரே ஆளுக்கே ஒரு வாரம் ஒன்று நல்லது, மறுவாரம் மற்றது நல்லது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டு வந்த எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

கடைசியில் விழுங்கிப் பார்க்கும் நாள் வந்தது. ஸ்பூனில் கெட்டியான கஞ்சி. இருமாமல் விழுங்கினால் படிப்படியாக டியூப்பை எடுத்துவிடலாம். அன்று எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். தொண்டையில் குழாய் இருந்ததால் மதினிக்கு இன்னும் குரல் வரவில்லை. தலைமாட்டை உயர்த்தி வைத்து, ரோஸ்லின் சிஸ்டர் ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனது. மதினி உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடி கொடுத்தால் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

"பயப்படுறாங்க போல. இன்னும் நாலு நாள் டியூப்பே இருக்கட்டும்," என்றார் டாக்டர்.

அண்ணன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். "ஏ புள்ள, வச்சிட்டேன். காலையிலயே வச்சிட்டேன். ரெண்டு வந்து எடுத்துக்கிருச்சு."

மதினி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொல்கிறாரா என்று பார்க்கும் அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். பிறகு வாயைத் திறந்தார்.

இப்போது வீட்டில் இருக்கிறார். மெலிந்திருக்கிறார், ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அண்ணன் வைக்கும் வெஞ்சனத்தில் உப்புக் குறை சொல்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டியூப்பில் என்ன போகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேளுங்கள், சொல்வார்கள். அடுத்த கட்டிலுக்கு வேறு மாதிரி போனால் பதறாதீர்கள், காரணம் கேளுங்கள். தலைமாடு உயர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், தாழ்ந்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். தீர்த்தமோ இளநீரோ நீங்களாக டியூப்பில் விடாதீர்கள். திருநீறு நெற்றிக்குப் போதும். வெளியே காத்திருப்பவருக்குப் புரியும் வார்த்தையில் விஷயத்தைச் சொல்லுங்கள், அவர் வேறென்னவோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

காக்காய்க்கு வைப்பவர்கள் பின்சுவரில் வையுங்கள். முன்வாசலில் காவலாளி விரட்டுவார். நாங்கள் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து ரோஸ்லின் சிஸ்டர் போன் செய்தபோது, அங்கே ஆறு மணிக்கு இரண்டு காக்காய் வந்து கத்துவதாகச் சொன்னது. அண்ணனிடம் சொன்னேன். "நம்ம கடன்தான அது," என்று சொல்லி, அடுத்த தடவை மாத்திரை வாங்கத் திண்டுக்கல் போனபோது, ஆறு மணிக்குள் இட்லி வைக்க முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போனார்.