ஸ்க்யூ உளியும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

மூன்று வாரத்துக்கு முன்னால் வடலூரில், தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

'பிடித்தேன்' என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நடுவில் இரண்டு வாரம் மாம்பழத்தைப் பற்றியும் பல் டாக்டரைப் பற்றியும் எழுதி உங்களிடமிருந்து தப்பித்துப் பார்த்தேன். முடியவில்லை... சொல்லிவிடுகிறேன்.

உளி தீட்டுகிற கல் வாங்கத்தான் வடலூர் போயிருந்தேன். கல் கிடைத்துவிட்டது. நெய்வேலி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. சரி, சபைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று நுழைந்தேன். அன்னதானம் நடக்கிற தருமசாலைப் பக்கத்து மர நிழலில் சாப்பிட்டு முடித்த ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அங்கே எப்போதும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அந்த வரிசையில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். தலைக்கு டிபன் பை, பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்த சேஃப்டி ஷூ, முகத்தின் மேல் கர்சீப். காற்றில் கர்சீப் விலகியபோது பார்த்தேன் — சக்திவேல்.

எங்கள் ப்ளாக்கில் அடுத்த வீடு. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. பெர்மனன்ட் வேலையில் சேர்ந்து முதல் வருடம், ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. மனைவி சுகன்யா, மூன்று வயது நிறையப்போகிற மகள் யாழினி. குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன வருடம்தான் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள்.

நைட் ஷிஃப்ட் முடித்த மனுஷன், வீட்டில் கட்டிலும் ஃபேனும் இருக்க, பஸ் ஏறி வந்து மண் தரையில் ஏன் படுக்க வேண்டும்?

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கும் அதேதான் தோன்றியது. புருஷன் பெண்டாட்டி சண்டை. இல்லாவிட்டால் அதைவிட மோசமாக ஏதோ ஒன்று. 'பாவம் அந்தப் பெண், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு...' என்று பஸ் முழுக்கப் பரிதாபப்பட்டுக்கொண்டே வந்தேன். பரிதாபப்படுவது எவ்வளவு சுகமான வேலை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம இரு" என்றார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் எதில் கேட்கக் கூடாதோ அதில் அவர் பேச்சைக் கேட்டு, எதில் கேட்க வேண்டுமோ அதில் கேட்காமல் விடுவதுதானே என் வழக்கம். இந்தக் கதையே அதுதான்.

கதைக்கு வருமுன் லேத்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜை மேல் வைக்கிற சின்ன மர லேத் ஒன்று என்னிடம் இருக்கிறது. மரக்கட்டையை இரண்டு முனையிலும் பிடித்துச் சுற்றும். நாம் உளியை வைத்துக் கடைய வேண்டும். நான் கடைவது சொப்புச் சாமான். கட்டை விரல் உயரத்தில் குடம், சட்டி, மூடி, உரல், உலக்கை. டவுன்ஷிப்பில் மழைக் காற்றுக்கு ஒடிந்து விழுகிற வேப்பங்கிளைகளை விறகுக்குப் போகவிடாமல் நான் பொறுக்கி வந்துவிடுவேன்.

இதில் என் எதிரி, ஸ்க்யூ உளி.

மற்ற உளிகளால் மரத்தைச் சுரண்டி ஒப்பேற்றலாம். ஸ்க்யூ சீவும். அதன் வாய் நேராக இருக்காது, சாய்வாக இருக்கும். உளியின் சரிவு மரத்தின் மேல் உரசியபடி படுத்திருக்க, வாயின் கீழ்ப்பாதி மட்டும் வெட்ட வேண்டும். சரியாகப் பிடித்தால் வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக வரும். கட்டை பளபளவென்று நிற்கும், உப்புத்தாளே தேவையில்லை. தப்பாகப் பிடித்தால்? மேல் நுனி மயிரிழை பட்டாலே போதும் — 'டம்'. உளி உள்ளே பாய்ந்து, கட்டையைச் சுற்றித் திருகாணி மரை போல ஒரு பள்ளம் விழும். சின்னக் கட்டையானால் பிடுங்கிக்கொண்டு பறக்கும். எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் விழுந்திருக்கிற சொட்டைகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

யாழினியின் பிறந்தநாளுக்கு ஒரு முழு செட் கடைந்து தருவதாக நானேதான் சுகன்யாவிடம் சொல்லியிருந்தேன். குடம் ஆயிற்று, சட்டி ஆயிற்று, உரலும் ஆயிற்று. உலக்கை மட்டும் ஆகவில்லை. பென்சிலில் பாதி தடிமன் அது. உளியைச் சற்று அழுத்தினால் வளைந்துகொண்டு 'கிர்ர்ர்' என்று அலறும். இன்னும் அழுத்தினால் ஒடிந்து பீரோவுக்குப் போகும். தினமும் காலை ஒன்பதரைக்கு உட்காருவேன். மதியம் வரை ஒடிப்பேன். ஆனால் இங்கே உங்களிடம் என்ன எழுதினேன்? 'ஸ்க்யூ இப்போது நான் சொன்ன பேச்சு கேட்கிறது' என்று எழுதினேன். நீங்களும் நம்பி வாழ்த்து அனுப்பினீர்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அது துண்டு.

எங்கள் ப்ளாக்கில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் தூங்குகிறார் என்றால், கதவுக் கொக்கியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவோம். துண்டைப் பார்த்தால் கீரைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் அடுத்த ப்ளாக்குக்குப் போய்விடுவார்கள். இதை ஆரம்பித்து வைத்ததே நான்தான். என் வீட்டுக்காரர் வருடக்கணக்கில் ஷிஃப்ட் பார்த்தவர். அவர் தூக்கத்துக்காக நான் சண்டை போடாத வீடு இந்த ப்ளாக்கில் கிடையாது. மிக்ஸி போட்டாலே போய்க் கதவைத் தட்டுவேன். அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட் வந்த பிறகு எங்கள் துண்டு அலமாரிக்குப் போய்விட்டது. ஆனாலும் சுகன்யா குடிவந்த அன்றைக்கே கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன்: "நைட் வாரம்னா துண்டைக் கட்டிரும்மா. ஒரு ஈ காக்கா சத்தம் போடாது. நான் பாத்துக்கறேன்."

சரி. இப்போது கதை.

மறுநாள் மாலை ஒரு கிண்ணத்தில் சுண்டல் எடுத்துக்கொண்டு சுகன்யா வீட்டுக்குப் போனேன். கையில் எதுவும் இல்லாமல் போனால் ஊர்வம்புக்குப் போன மாதிரி இருக்குமே. சக்திவேல் கடைக்குப் போயிருந்தார். யாழினி தரையில் உட்கார்ந்து, நான் முன்பு பழக்கத்துக்குக் கடைந்து கொடுத்த ஒரு சட்டியில் மண் போட்டு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "சுகன்யா, தப்பா எடுத்துக்காத. உன்னைக் கூடப் பொறந்தவளா நெனச்சுச் சொல்றேன். நேத்து உன் வீட்டுக்காரரை வடலூர் சபையில பார்த்தேன். பகல்ல. தரையில படுத்துத் தூங்கிட்டிருந்தார்."

அவள் திடுக்கிடுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"தெரியும்க்கா" என்றாள். "நாந்தான் போச் சொன்னேன்."

"நீயா? ஏன்?"

அவள் கிண்ணத்தை வாங்கி வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வூட்ல தூங்க முடியலங்க்கா. உங்க மெஷினு ஓடிகினே இருக்குதில்ல..."

எனக்கு முதலில் புரியவே இல்லை. எந்த மெஷின் என்று கேட்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன்.

"கிர்ருன்னு ஒரு சத்தம் வரும். அப்பறம் டம்முன்னு ஏதோ போய் வுழும். அப்பறம் நீங்க 'ச்சே'ன்னு சொல்லுவீங்க. அவரு அப்பதான் கண்ண மூடிகினு இருப்பாரு. டக்குன்னு எழுந்து உக்காந்துருவாரு. மறுபடி படுக்கறப்ப மறுபடி டம்மு." அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். "போன தடவ நைட்டு வாரத்துல பெல்ட்டாண்ட நின்னுகினே தூங்கிட்டாராம். இன்ஜினியர் பாத்துட்டாரு. ப்ரொபேஷன்ல இருக்கற ஆளு, இன்னொரு தடவ பாத்தேன்னா மேல எழுதிருவேன்னுட்டாரு. வேலைய வுடுங்க்கா... ஓடற பெல்ட்டு அது. எனக்குத்தான் பயமா பூட்ச்சி. சபையில போயாச்சும் படுத்துட்டு வாங்கன்னு அனுப்பறேன்."

"ஏம்மா... ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிக்கா சொல்றது? பாப்பாவுக்குன்னு செய்யறீங்க." யாழினி கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். "துண்டும் கட்டித்தான் இருந்துச்சி. நீங்க பாத்துகினுதான் போனீங்க. பாத்தும் ஓட்டறீங்கன்னா ஏதோ அவசரம்போலன்னு நெனச்சிகினோம்."

துண்டு. நீலத் துண்டு. தினமும் காலையில் கோலம் போடும்போது பார்ப்பேன். 'பரவாயில்லையே, பழக்கத்தை விடாமல் செய்கிறாள்' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, நேராக உள்ளே போய் லேத்தை ஆன் செய்வேன்.

எழுந்து வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் வெட்கம், காது மடல் வரைக்கும் சுட்டது. ஊரார் மிக்ஸியை நிறுத்திய மகராசி நான். ஒரு மனுஷனை வீட்டை விட்டே விரட்டிவிட்டு, அவர் தூங்குவதைத் துப்பறிந்து, அவர் பெண்டாட்டியிடமே போய்க் கோள் சொல்லியிருக்கிறேன். சுண்டலோடு.

இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? யோசித்தால் தெரிகிறது. மற்றவர்கள் போட்டால் அது சத்தம். நாம் ஆசையாக ஒன்றைச் செய்யும்போது வந்தால் அதற்குச் சத்தம் என்று பெயரே கிடையாது.

அதுவும் ஒரு குழந்தைக்குப் பரிசு செய்துகொண்டிருந்தேனே. அதைவிடப் பெரிய காதடைப்பு உண்டா?

இன்னொரு காரணமும் உண்டு. லேத் வாங்கிய அன்று நான் நல்ல பிள்ளையாகச் சோதித்துத்தான் பார்த்தேன். வீட்டுக்காரரை அடுத்த அறையில் நிற்க வைத்து, லேத்தை ஓடவிட்டு, "பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவா இருக்குமா?" என்று கத்திக் கேட்டேன். இரண்டு முறை கத்திய பிறகு வந்து சொன்னார்: "ஒண்ணும் கேக்கலையே." அதோடு விஷயம் முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன் அவர். அவர் டிவி பார்த்தால் எதிர் ப்ளாக்கில் செய்தி தெரிந்துகொள்வார்கள். அவரிடம் போய்ச் சத்தத்துக்குச் சான்றிதழ் வாங்கிய ஆள் இந்த டவுன்ஷிப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே லேத்தைக் கழற்றிப் பின்பக்கத் தோட்டத்து ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மேஜைக் காலுக்கு அடியில் பழைய டயர்த் துண்டுகள். இனி நைட் வாரத்தில் அதைத் தொடுவதில்லை என்று சுகன்யாவிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "அட வுடுங்க்கா" என்றாள்.

அடுத்த வாரம் சக்திவேலுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அவர் வேலைக்குப் போன பிறகு உலக்கையோடு உட்கார்ந்தேன். வினோதம் என்னவென்றால், இப்போது என் காது என்னிடம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற ஆளின் காதாக மாறிவிட்டது. லேசாக 'கிர்' என்றாலும் கை தானாகவே தளர்ந்தது. பிடி தளர்ந்ததும் உளி மரத்தின் மேல் படுத்தது. இடது கை விரலை உலக்கைக்குப் பின்னால் மெதுவாகத் தாங்கக் கொடுத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வெங்காயத் தோல் சுருள் என் மணிக்கட்டில் வந்து விழுந்தது.

ஸ்க்யூ சரியாக வெட்டும்போது சத்தமே போடாது என்று யூடியூபில் எத்தனை வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். அப்படியானால் இத்தனை நாளும் சுவரைத் தாண்டிப் போனது என் தொழில் அல்ல, என் தப்புகள் மட்டுமே. ஒன்று விடாமல் அத்தனையும் சக்திவேல் கேட்டிருக்கிறார். உங்களுக்கு நான் எழுதியனுப்பியது வெற்றிகளை மட்டும்.

பிறந்தநாள் அன்று செட்டைக் கொடுத்தேன். சக்திவேல் உலக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "நல்லா வழவழன்னு வந்திருக்குதுக்கா. ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க" என்றார்.

எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். "என்னை மன்னிச்சிருங்க தம்பி, உங்க தூக்கத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றார் அவசரமாக. "சபையில காத்து நல்லா வரும்."

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்த வாரம் அவருக்கு மறுபடியும் நைட். துண்டு கட்டியிருக்கிறது. நேற்று பதினொன்றரை மணிக்கு, லேத் இருந்த இடத்தில் சும்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம். காதைக் கொடுத்தேன்.

குறட்டை. இழுத்து, நிறுத்தி, மெல்ல விடுகிற குறட்டை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி அவ்வளவு தெளிவாக. ஒரு மனுஷனின் மூச்சே இப்படிக் கடந்து வருகிற சுவரில்தான் நான் பீரோவைச் சாத்தி வைத்து, அதன் மேல் மரக்கட்டைகளை விட்டெறிந்திருக்கிறேன். மீதிப் பூண்டைச் சத்தமில்லாமல் உரித்து முடித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் வந்தார். வாயில் விரலை வைத்துச் சைகை காட்டி, அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தினேன். "கேக்குதா?" என்றேன் மெதுவாக.

மனுஷன் பொறுப்பாகக் காதைச் சுவரில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நன்றாகக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையே."