ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு

பச்சை அட்டைக் கோப்பு அது. முதுகில் ஒட்டிய வெள்ளைத் துண்டில் 'லயம் பழுது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எத்தனையோ முகங்கள் மறந்துவிட்டன. இந்தப் பாழாய்ப்போன கோப்பு மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. வலைப்பூவில் எதை எழுதி முடித்தாலும், குறிச்சொற்கள் கேட்டு அடியில் ஒரு காலிக் கட்டம் வந்து நிற்கிறது. பார்த்தவுடன் எனக்கு எரிச்சல் வரும். கட்டத்தின் மேல் இல்லை, பெரிய கிராணியின் மேல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் ஜெராமுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தலைமை எழுத்தர், பெரிய கிராணி, வைத்ததுதான் சட்டம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, குண்டூசி டப்பாவை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். வருகிற கடிதத்தின் முதல் வரியைப் படிப்பார், தலைப்பைச் சொல்வார். நான் அதைக் கடிதத்தின் மூலையில் எழுதி, அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரே கோப்பு. இரண்டு விஷயம் இருந்தால் இன்னொரு கோப்பில் ஒரு சீட்டாவது வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"பிள்ளை, ரெண்டு இடத்திலை வைச்சா ரெண்டு இடத்திலையும் தேட வேணும். உமக்கு அவ்வளவு நேரம் கிடக்கோ?" என்றார்.

லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்களோ ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் என்று எழுதுகிறவர்கள் இல்லை. ஆபீஸ் படி ஏறுவதென்றால் அவர்களுக்கு அரை நாள் வேலை போகும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேச்சு வாங்க வேண்டும். அதனால் ஜெராமில் மனு எழுதித் தருகிறவரிடம் போய், மனசில் இருப்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வாங்கி வருவார்கள். அடைத்துக்கொண்ட சாக்கடை, மகனுக்கு வேலை, பக்கத்து வீட்டுச் சேவல் என்று எல்லாம் ஒரே மனுவில் இருக்கும். அவர்கள் வழக்கம் அது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், பெரிய கிராணிக்கும் தெரியும்.

ஆறாம் லயத்து அக்கா பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். அதே தோட்டத்தில் பிறந்தவர்தான், ஆனாலும் கையில் சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டுக்காரி என்று காட்டத் தாள் இல்லாததால் குடியுரிமைக்கான நீல அட்டை கிடைக்கவில்லை. ஒருநாள், பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொல்லி கோல சிலாங்கூர் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த அழைப்போடு என் மேசைக்கு வந்தார்.

"நான் பொறந்தப்ப தோட்டத்து ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த துண்டும்மா. போன வருஷம் மனுவோட சேத்து இங்கதான் குடுத்தேன். எங்கம்மா வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான்."

தேடினேன். பிறப்பு, ஆஸ்பத்திரி, அடையாள அட்டை என்று ஒரு கோப்பு விடவில்லை. அவர் பெயரில் தேடினேன், அவர் புருஷன் பெயரில் தேடினேன். பத்து நாள் தினமும் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றார். பெரிய கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வந்திருந்தா இருக்கும்" என்பதோடு சரி. குறித்த தேதியில் வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனார் அக்கா. பதிவு அலுவலகத்தில் அவருடைய நீல அட்டை மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஆறாம் லயத்துக் கூரையை மாற்ற கொந்தராக்டர் வந்தார். பெரிய கிராணி 'லயம் பழுது' கோப்பைக் கேட்டார். எடுத்துப் புரட்டினால் அக்காவின் மனு. முதல் வரி, கூரை ஒழுகுகிறது. நாலாவது வரி, நீல அட்டைக்கு உதவி. பின்னால் பழுப்பேறிய ஆஸ்பத்திரித் துண்டு. பெரிய கிராணியிடம் நீட்டினேன். அவர் வாங்கி நிதானமாகப் படித்தார்.

"முதல் வரி கூரை எண்டுதானே கிடக்கு. ஃபைல் சரி" என்றார்.

அந்த 'சரி'யை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை மட்டும் திட்டித் தீர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. மனுவின் மூலையில் இருந்த கையெழுத்து என்னுடையது. நாலு வரி படிக்க எனக்கும் அன்று நேரம் இல்லை.

துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது புதுத் தகரம் வெயிலில் பளபளத்தது. அக்கா துண்டை முந்தானையில் முடிந்துகொண்டார். "கூரையாவது போட்டாங்களேம்மா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அவர் மகனோடு சுங்கை சோ பக்கம் போனதாகக் கேள்வி. நீல அட்டை கிடைத்ததா, தெரியாது.

இப்போது நான் ஒவ்வொரு பதிவுக்கும் பத்துக் குறிச்சொல்லாவது போடுகிறேன். "என்ன அத்தை, கடலைக்கொட்டை மாதிரி டேக் இறைக்கிறீங்க, போதும்லா" என்று அண்ணன் மகள் சிரிக்கிறாள். இந்தப் பதிவுக்கும் கட்டத்தில் எழுதிக்கொண்டே போனேன்: பிறப்பு, ஆஸ்பத்திரித் துண்டு, சிவப்பு அட்டை, கூரை, லயம் பழுது. கடைசியாக அக்காவின் பெயரைப் போடலாம் என்று விரலை வைத்தேன். பத்து நாள் கோப்பு கோப்பாகத் தேடிய பெயர். நினைவுக்கு வரவில்லை. நானும் அவரை 'ஆறாம் லயம்' என்றுதான் வைத்திருக்கிறேன்.